பொறியியல், மருத்துவம், கலைப்புலம்: சேலத்திலிருந்து ஆய்வுப் படிப்புக்கு வருவோர் கேட்கும் கேள்விகள்

முதுகலை முடித்து முனைவர் பட்ட ஆய்வில் சேர எண்ணும் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மாணவர்களும், அவர்களுக்குத் துணையாக வரும் பெற்றோரும் ஆண்டுதோறும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. எடுத்துக்காட்டுகளை இயன்றவரை நம் மண்ணிலிருந்தே எடுத்திருக்கிறேன். ஆய்வு என்பது வெளிநாட்டு ஆய்வகங்களில் மட்டும் நடப்பது என்ற எண்ணத்துடன் வரும் மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம், ஆத்தூர்ச் சாலையிலும் கருப்பூர்ப் பக்கத்திலும் எத்தனை கேள்விகள் விடை காணாமல் கிடக்கின்றன என்று சொல்லத் தோன்றும்.

பொறியியலிலும் மருத்துவத்திலும் தமிழ், வரலாறு போன்ற துறைகளிலும் ஆய்வு என்பது ஒன்றுதானா?

அடித்தளம் ஒன்றுதான். இதுவரை விடை தெரியாத ஒரு கேள்வியை எழுப்பி, விடை கண்ட வழியைப் பிறர் சரிபார்க்கும்படி வெளிப்படையாக எழுதிவைப்பதே எல்லாத் துறைகளிலும் ஆய்வு. ஆனால் எதைச் சான்றாக ஏற்பது என்பதில் மூன்றும் பிரிகின்றன. பொறியியலில் ஒரு கருவியோ கலவையோ செய்முறையோ, குறிப்பிட்ட நிலைமைகளில், முன்பிருந்ததைவிட நன்றாக வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும். மருத்துவத்தில் ஒரு நோயாளி குணமானார் என்பது சான்றாகாது; அவரைப் போன்ற பலருக்கும் அது பொருந்துகிறதா, தற்செயலாக நிகழ்ந்திருக்க வாய்ப்பில்லையா என்பதைக் காட்ட வேண்டும். கலைப்புலத்தில் ஒரு சுவடி, ஒரு கல்வெட்டு, ஒரு முதியவரின் நினைவு ஆகியவற்றில் எது எந்த அளவுக்கு நம்பத்தக்கது, அதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை வாதிட்டு நிறுவ வேண்டும்.

ஆகவே ஒரு துறையின் அளவுகோலை வைத்து இன்னொரு துறையை மதிப்பிடுவது தவறு. வரலாற்று ஆய்வேட்டில் புள்ளிவிவர அட்டவணை இல்லையே என்று குறைசொல்வதும், பொறியியல் ஆய்வில் சமூகப் பார்வை இல்லையே என்று ஒதுக்குவதும் எனக்கு உடன்பாடானவை அல்ல. கேள்விக்குப் பொருந்திய சான்று இருக்கிறதா என்று மட்டுமே பார்க்க வேண்டும்.

ஒரே பொருளை இந்த மூன்று புலங்களும் ஆராய முடியுமா?

முடியும். நம் பகுதிக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு, நிலத்தடி நீரில் உள்ள புளோரைடு. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் இது மிகுதியாக உள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், இந்தியத் தர நிர்ணயத்தின்படி 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம்.

நிலவியல் மாணவர் முதலில் கேட்பது, இது எங்கிருந்து வருகிறது என்பதே. நம் கடினப்பாறைகளில் உள்ள அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்டு போன்ற கனிமங்கள் புளோரைடைத் தாங்கியவை. மழை குறைந்த பகுதியில், பாறை வெடிப்புகளுக்குள் நீண்டகாலம் தங்கும் நீரில் பைகார்பனேட் மிகுந்து கால்சியம் குறைந்தால், புளோரைடு கரைந்து நீரிலேயே தங்கிவிடுகிறது. இதைக் காட்ட மாதிரி எடுக்கும் வேலையில்தான் மாணவரின் பொறுமை தெரியும். குழாயைத் திறந்தவுடன் வரும் நீரைப் பிடிக்கக்கூடாது. குழாயிலும் உறையிலும் தேங்கிய நீர் போகும்வரை ஓடவிட வேண்டும். புளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் பாலித்தீன் புட்டியில்தான் சேகரிக்க வேண்டும். புட்டியை அதே நீரால் அலசி, நிரப்பி, கிணற்றின் ஆழம், இடம், நாள், நேரம் ஆகியவற்றை அழியாத மையால் அந்த இடத்திலேயே எழுத வேண்டும். அறைக்குத் திரும்பிய பின் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், இரண்டு புட்டிகள் இடம் மாறி ஓர் ஊரின் நீர் இன்னோர் ஊரின் கணக்கில் ஏறிவிடும். அளப்பதற்குப் புளோரைடு அயனி மின்முனையைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு மாதிரியிலும் அயனி வலிமையையும் அமிலத்தன்மையையும் சீராக்கும் கரைசலைச் சேர்த்த பிறகே அளக்க வேண்டும்.

பொறியியல் மாணவரின் கேள்வி, இதை எப்படி நீக்குவது என்பது. நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து, கலக்கி, படியவைத்து வடிக்கிறார்கள். செலவு குறைவு, ஆனால் கசடு மிகுதி, படிகாரத்தின் அளவு பிசகினால் அலுமினியம் நீரில் தங்கும். செயலூட்டப்பட்ட அலுமினா வடிகட்டிகளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். எதிர்ச் சவ்வூடு பரவல், அதாவது ஆர்.ஓ. முறை, நன்றாக நீக்கும். ஆனால் ஒதுக்கப்படும் உவர்நீரை எங்கே விடுவது என்ற கேள்வி நிற்கும். இவற்றுள் ஏதேனும் ஒன்றை ஓர் ஊராட்சிப் பணியாளர் ஓராண்டு முழுவதும் இயக்கக்கூடிய வகையில் மேம்படுத்திக் காட்டுவதே நல்ல ஆய்வு.

மருத்துவ மாணவர் பற்களையும் எலும்புகளையும் பார்க்கிறார். பற்சிப்பி உருவாகும் குழந்தைப் பருவத்தில் மிகுதியான புளோரைடு உடலில் சேர்ந்தால்தான் பற்களில் கறையும் குழியும் தோன்றும். வளர்ந்த பிறகு இந்த ஊருக்குக் குடிவந்தவருக்குப் பற்களில் அது ஏற்படாது. இந்த ஒரு செய்தியை மறந்துவிட்டு வயது பாராமல் பற்களை எண்ணினால் முடிவு தவறாகிவிடும். பிறந்தது முதல் அதே ஊரில் வாழ்ந்த பிள்ளைகளைத் தனியே பிரிக்க வேண்டும். வெற்றிலை, புகையிலைக் கறையை வேறுபடுத்த வேண்டும். புளோரைடால் பற்களில் வரும் கறையின் கடுமையை வகைப்படுத்தும் டீன் குறியீட்டின் 6 படிநிலைகளில் எதில் ஒரு பல் சேரும் என்பதை இருவர் தனித்தனியே பார்த்து ஒப்பிட வேண்டும். புளோரைடு குறைந்த ஓர் ஊரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வரலாறு, சமூகவியல் மாணவருக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். பெரிய வேலையே இருக்கிறது. திறந்த கிணற்று நீரையும் ஏரி ஊற்றையும் குடித்த ஊர் எந்தக் காலத்தில் போர்வெல்லுக்கு மாறியது? குடிக்க எந்த நீர், சமைக்க எந்த நீர், மாட்டுக்கு எந்த நீர் என்பதை வீட்டில் யார் முடிவு செய்கிறார்கள், யார் சுமந்து வருகிறார்கள்? வடிகட்டி நிறுவப்பட்ட ஊரில் நீரின் சுவை பிடிக்கவில்லை என்று மக்கள் பழைய குழாய்க்கே திரும்பினால், பொறியாளரின் கருவி சரியாக இருந்தும் திட்டம் தோற்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் (புளோரைடு மிகுதியால் வரும் நோய்) தணிப்புத் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஓர் ஊரின் தண்ணீர்ப் பழக்கம் எப்படி மாறியது என்பதைப் பெண்களிடம் கேட்டுப் பதிவு செய்வது ஒரு முழு முனைவர் பட்டத்துக்கு உரிய தலைப்பு.

பொறியியலில் சேர விரும்புகிறேன். கணினி அல்லாத தலைப்புகளுக்கு இங்கே இடம் உண்டா?

உண்டு. சேலத்துக்காரர்கள் வெள்ளைக்கல் என்று அழைக்கும் மேக்னசைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உயர் வெப்பத்தில் சுட்டெடுத்த மேக்னசைட்டால் செய்யும் செங்கல், எஃகு உலைகளின் உட்சுவராகப் பயன்படுகிறது. உருகிய உலோகத்தையும் காரத்தன்மையுள்ள கசடையும் அது தாங்கும். ஆனால் நம் கல்லில் சிலிக்கா கலந்திருப்பது தரத்தைக் குறைக்கிறது. அதைப் பிரித்தெடுப்பது எப்படி, சுரங்கங்களைச் சுற்றி மலைபோல் குவிந்த கழிவுக் கல்லை எதற்குப் பயன்படுத்துவது என்பவை கனிமப் பொறியியலும் கட்டடப் பொறியியலும் சேர்ந்து பார்க்க வேண்டிய கேள்விகள்.

கஞ்சமலையின் காந்த இரும்புத்தாதும் அப்படித்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் முன்னாள் அலுவலர் ஜோசையா மார்ஷல் ஹீத், 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியபோது நம்பியது சேலத்துத் தாதைத்தான். தாதை உருக்குவதற்கான மரக்கரிக்காகக் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. அந்த ஆலை நிலைக்கவில்லை. தாதிலிருந்து இரும்பைச் செறிவூட்டும் முறை பொறியாளருக்கான பொருள். அந்த ஆலைக்காகக் காடு இழந்த மக்கள் வரலாற்று மாணவருக்கான பொருள். இரண்டு தலைப்புகளும் ஒரே மலையிலிருந்து பிறக்கின்றன.

மரவள்ளி, சேகோ ஆலை பற்றி ஆய்வு செய்தால் அது எந்தத் துறையைச் சேரும்?

கேள்வியைப் பொறுத்தது. ஆத்தூர், வாழப்பாடி, கெங்கவல்லி வட்டாரங்களில் விளையும் கிழங்கு, சேகோ ஆலைகளில் மாவாகி ஜவ்வரிசியாகிறது. அசல் ஜவ்வரிசி தென்கிழக்காசியத் தீவுகளில் வளரும் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுப்பது. இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் வரத்து முடங்கியதால் மரவள்ளியிலிருந்து அதைச் செய்யும் தொழில் சேலத்தில் வேரூன்றியது. அதைத் தொடங்கியவர்கள் யார், தொழில்நுட்பம் கைமாறியது எப்படி, 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு உருவான பின் விலை எப்படி மாறியது என்று ஆராய்ந்தால் அது பொருளாதார வரலாறு. ஆலைக் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுப்பதும், சக்கையாகிய திப்பியிலிருந்து வேறு பொருள் செய்வதும் வேதிப் பொறியியல். கிழங்கில் உள்ள லினமாரின் என்ற பொருள் சயனைடை வெளிவிடும். தோல் உரித்தல், ஊறவைத்தல், உலர்த்துதல் ஆகியவற்றால் அது எவ்வளவு குறைகிறது என்று அளப்பது உணவு அறிவியலும் பொதுச் சுகாதாரமும்.

பூச்சியியலில் அண்மைக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2020-இல் கேரளத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவில் நம் வயல்களையும் தாக்கியது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இப்பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் பரவியபோது, பராகுவேயிலிருந்து கொண்டுவரப்பட்ட அனகைரஸ் லோபெசி என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவி அதைக் கட்டுப்படுத்தியது. அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே குளவியை பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, தனிமைப்படுத்திச் சோதித்து, பெருக்கி, 2022-இல் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகளுக்கு வழங்கியது. மருந்தடிக்காமல் ஒரு பயிரைக் காக்க, மூன்று கண்டங்களில் பல பத்தாண்டுகளாக நடந்த பொறுமையான வேலை இது. குளவி நம் வயல்களில் நிலைத்து வாழ்கிறதா, விவசாயி பூச்சிக்கொல்லி தெளிப்பதை அதற்காக நிறுத்திக்கொள்கிறாரா என்பவை இப்போது இளம் ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை.

மருத்துவ ஆய்வில் மட்டும் ஏன் இத்தனை அனுமதிகள்?

மனித உடலைத் தொடுவதால்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளின்படி, மனிதர்களை உட்படுத்தும் எந்த மருத்துவ ஆய்வும் நிறுவன அறநெறிக் குழுவின் ஒப்புதல் பெற்ற பிறகே தொடங்க வேண்டும். பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கி, அவர் விரும்பி ஒப்புக்கொண்டால் மட்டுமே சேர்க்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகினால் சிகிச்சை குறையாது என்பதையும் சொல்ல வேண்டும். சிகிச்சைகளை ஒப்பிடும் சோதனை என்றால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். 2007-இல் தொடங்கிய இப்பதிவு 2009 ஜூன் 15 முதல் கட்டாயமாயிற்று. முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு சோதனையை மறைத்துவிட முடியாதபடி இது தடுக்கிறது.

நல்ல மருத்துவ ஆய்வு எதைச் சாதிக்கும் என்பதற்குச் சென்னையையே காட்டலாம். 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையத்தில் ஓர் எளிய கேள்வி எழுப்பப்பட்டது: காசநோயாளியைச் சானடோரியம் என்னும் தனி மருத்துவமனையில் வைத்துச் சிகிச்சை தர வேண்டுமா, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதுமா? நோயாளிகளை எந்த விருப்பு வெறுப்பும் இன்றி இரு குழுக்களாகப் பிரித்து, இரு குழுவுக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்து ஒப்பிட்டார்கள். நெருக்கடியான வீடுகளில், குறைந்த உணவோடு இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள். வீட்டில் உடனிருந்தவர்களுக்குத் தொற்று கூடுதலாகவில்லை. 1959-இல் வெளிவந்த இந்த முடிவு, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர உதவியது. படுக்கை கிடைக்காத ஏழைகளுக்கு அதன் பொருள் என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழிலும் வரலாற்றிலும் புதிதாகக் கண்டுபிடிக்க இன்னும் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைச் சேலத்துக்காரர் கேட்பது எனக்கு வருத்தம் தருவது. 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், அங்கே கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையரிடம், தாம் படித்தவையாக அவர் அடுக்கிய அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கேட்டுவிட்டு, சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். அந்த ஒரு கேள்விதான் 1887-இல் சீவக சிந்தாமணிப் பதிப்பாகவும், பின்னர் சிலப்பதிகாரம், மணிமேகலை, சங்க நூல்களின் பதிப்புகளாகவும் விரிந்தது. நல்ல கேள்வி கேட்பதே ஆய்வின் பாதி என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

பதிப்பு வேலை எத்தகையது என்று அறிய, ஓர் ஓலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒரே வடிவில் இருக்கும். துணைக்காலும் ரகரமும் வேறுபடாமல் நிற்கும். சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. செய்யுள் எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது என்பதையும் படிப்பவர்தான் கண்டுகொள்ள வேண்டும். ஒரு வரிக்கு மூன்று பிரதிகளில் மூன்று பாடங்கள் கிடைத்தால், யாப்பு, பொருள், உரையாசிரியர் மேற்கோள், எழுதியவர் எங்கே பிழைவிட்டிருக்க வாய்ப்பு என்பனவற்றையெல்லாம் எடைபோட்டு ஒன்றைத் தேர்ந்து, மற்றவற்றை அடிக்குறிப்பில் தர வேண்டும். ஆய்வகத்தில் அளவை எடுப்பவரின் கண்டிப்புக்கு இந்தக் கண்டிப்பு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

வாய்மொழி வரலாறும் அப்படியே. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடையே, தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், சகோதரர் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் ஒரு மரபு வழங்குகிறது. ஆங்கிலேயர் காலப் பதிவுகளிலும் அது இடம்பெற்றுள்ளது. இது உண்மையா பொய்யா என்று மட்டும் கேட்டு நின்றுவிட்டால் பெறக்கூடியது சிறிதே. சேர்வராயன் மலையில் எப்படிச் சொல்கிறார்கள், கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் எப்படிச் சொல்கிறார்கள், திருமண உறவு, வழிபாடு, நில உரிமை ஆகியவற்றோடு எந்த வடிவம் எப்படி இணைகிறது, அச்சில் வந்த வடிவம் மீண்டும் மக்கள் வாய்க்குத் திரும்பியிருக்கிறதா என்று கேட்டால் ஆய்வு ஆழம் பெறும். லெ ஃபனு 1883-இல் தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு, 1918-இல் வந்த ரிச்சர்ட்ஸின் விவரச்சுவடி ஆகியவற்றைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் வரி வசூலிக்கும் அரசின் கண்ணால் எழுதப்பட்டவை அவை என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஏற்காடு மலைக் கிராமங்களில் மூலிகை பற்றிக் களப்பணி செய்யலாமா?

செய்யலாம், முன்னேற்பாடு வேண்டும். காப்புக்காட்டுக்குள் செல்ல வனத்துறை அனுமதி தேவை. மூலிகை அறிவு வழிவழியாக வந்தவர்களின் உடைமை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். அந்த அறிவிலிருந்தும் தாவரங்களிலிருந்தும் கிடைக்கும் பயன் உரியவர்களோடு பகிரப்பட வேண்டும் என்பது, 2002-இல் இயற்றப்பட்ட உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. அதை நடைமுறைப்படுத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னையில் உள்ளது. வைத்தியர் பெயரை வெளியிடலாமா, எந்தச் செய்தியை எழுதக்கூடாது என்பதை அவரிடமே கேளுங்கள். செடியின் உள்ளூர்ப் பெயரை மட்டும் எழுதினால் போதாது. பூவோ காயோ உள்ள கிளையை அழுத்தி உலர்த்திய மாதிரியை ஒரு தாவரத் தொகுப்பில் சேர்த்து அதன் எண்ணைக் குறிப்பிட வேண்டும், ஏனெனில் ஒரே பெயர் இரண்டு மலைகளில் இரண்டு செடிகளைக் குறிக்கலாம். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் பூங்கா இருப்பது தாவரவியல் மாணவர்களுக்கு வாய்ப்பு. ஆய்வேடு முடிந்ததும் அதன் சாரத்தை எளிய தமிழில் எழுதி, செய்தி தந்த ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். இதை எந்த விதியும் கட்டாயப்படுத்தாவிட்டாலும் நான் கட்டாயம் என்றே கருதுகிறேன்.

எந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்ய வேண்டும்?

கலை, அறிவியல் பாடங்களுக்கு 1997-இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகமும் அதன் ஆய்வு மையமாக ஏற்கப்பட்ட கல்லூரிகளும் உள்ளன. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளின் ஆய்வாளர்கள் அங்கே பதிவு செய்கிறார்கள். மருத்துவத்துக்குச் சென்னையிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், வேளாண்மைக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் சேருவதானால் கட்டணத்தையும் நெறியாளரின் வெளியீடுகளையும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை ஆண்டுகள் ஆகும்? உதவித்தொகை உண்டா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளின்படி குறைந்தது 3 ஆண்டுகள். மிகுதியாக 6 ஆண்டுகள். மறுபதிவு மூலம் மேலும் 2 ஆண்டுகள் வரை நீட்டிப்புப் பெறலாம். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதல் சலுகை உண்டு. பெண் ஆய்வாளர்கள் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு எடுக்கலாம். வீட்டில் இதைக் காரணம் காட்டி ஆய்வை நிறுத்தச் சொன்னால் இந்த விதியை எடுத்துக்காட்டுங்கள். எம்.பில். நிறுத்தப்பட்டுவிட்டது. நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். ஒரு பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே ஒரே நேரத்தில் நெறியாளராக இருக்கலாம் என்பதால், இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இரண்டு துறைகளைச் சேர்த்துச் செய்ய விரும்பினால்?

ஒரு துறையில் பதிவு செய்து, மற்றத் துறையிலிருந்து இணை நெறியாளரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு துறைகளின் முறைகளையும் அரைகுறையாகக் கற்பதைவிட, ஒன்றில் முழுத் தேர்ச்சியும் மற்றதைப் படித்துப் புரிந்துகொள்ளும் அறிவும் பெறுவதே நல்லது. மேலே சொன்ன புளோரைடு ஆய்வில் நிலவியலாளர் மக்களிடம் நேர்காணல் எடுக்க வேண்டியதில்லை. சமூகவியலாளர் எடுத்த நேர்காணலைப் படித்து, மாதிரி எடுக்கும் கிணறுகளை மாற்றிக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

ஒப்புமைச் சோதனையில் எத்தனை விழுக்காடு வரலாம்?

ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் பகுதியை மென்பொருளால் அளப்பதே இந்தச் சோதனை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி அளிக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுத் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். மென்பொருள் காட்டும் எண்ணைக் குறைப்பதற்காகச் சொற்களை மாற்றிப்போடுவது நேர்மையன்று. ஒருவர் கருத்தை எடுத்தால், சொல் மாறியிருந்தாலும், அவர் பெயரைச் சொல்ல வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் கட்டுரை வெளியிடும் இதழ்களிடமிருந்தும், ஆய்வேடு எழுதித் தருவதாகச் சொல்பவர்களிடமிருந்தும் விலகி நில்லுங்கள். 2022 விதிமுறைகள் ஆய்வேடு அளிக்குமுன் இதழ்க் கட்டுரையை நாடு தழுவிய கட்டாயமாக வைக்கவில்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியே கேட்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்பார்த்த முடிவு வராவிட்டால் பட்டம் கிடைக்காதா?

கிடைக்கும். முறை சரியாக இருந்து, வேலை செய்யவில்லை என்று தெளிவாகக் காட்டினால் அதுவும் ஆய்வுதான். ஒரு வடிகட்டி கடின நீரில் பயனற்றது என்று ஒருவர் எழுதிவைத்தால் அடுத்தவரின் மூன்று ஆண்டுகள் மிஞ்சும். தரவைத் திருத்தி வெற்றி காட்டுவதுதான் மன்னிக்க முடியாதது. புளோரைடு அளவை ஒரு புள்ளி குறைத்து எழுதினால், அந்த நீரைக் குடிப்பவை ஓர் ஊரின் பிள்ளைகள்.

தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில், உங்கள் துறையில் உங்கள் மாவட்டத்தைப் பற்றி முன்பே வந்தவற்றைத் தேடி, ஐந்தாறு ஆய்வேடுகளின் இறுதி இயலை மட்டுமாவது படியுங்கள். அடுத்து ஆராய வேண்டியவை என்று அவர்கள் எழுதியிருப்பது அங்கேதான் கிடைக்கும். பிறகு, உங்கள் கேள்வி என்ன, அதற்கு இதுவரை யார் என்ன விடை சொல்லியிருக்கிறார்கள், எந்தச் சான்று கிடைத்தால் நீங்கள் நம்புவீர்கள், அந்தச் சான்று எங்கே இருக்கிறது, அதைத் திரட்ட யாருடைய அனுமதி வேண்டும் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, நெறியாளராக ஏற்க எண்ணும் இரண்டு மூன்று பேராசிரியர்களைப் போய்ப் பாருங்கள். சேர்க்கை அறிவிப்பு வரும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.